ஹெப்பாள் வீட்டுக் கந்தாயமும் மைசூரு பட்ஜெட்டும்

டிஸ்கி: பட்ஜெட் என்றதும் பயந்து ஓடிவிடாதீர்கள். கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் சரித்திரம், நடுவில் என் மானம் கப்பலேறிய கதையும் உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஹெப்பாள் என்றதும் எல்லோரும் பெங்களூரு விமான நிலையம் போகிற வழியில் இருக்கும் மேம்பாலத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. நான் சொல்வது மைசூரு ஹெப்பாள். நகரத்தின் வடமேற்கு ஓரம். ஒரு பக்கம் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் விஜயநகர், கூடவே ஒரு ஏரி. இன்ஃபோசிஸ் வளாகம் வந்த பிறகு ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடமாகிவிட்டது. அதற்கு முன்னால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் "அந்தப் பக்கம் வரமாட்டேன் சார்" என்பார்கள்.

அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து வேலைக்காக அங்கே போனவர். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். ஹெப்பாளில் மனை வாங்கி, நாலு தவணையாக வீடு கட்டினார். நான் படித்து, வேலை கிடைத்து, பெங்களூரு, அப்புறம் கடல் தாண்டி இப்போது டொராண்டோ, ஸ்கார்பரோ. அப்பா இல்லை. அம்மா அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். இங்கே இருக்கும் பாதி வீடுகளில் இதே கதைதான், விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

2024 ஆரம்பத்தில் டொராண்டோ நகராட்சி பட்ஜெட் வந்தது ஞாபகம் இருக்கும். 180 கோடி டாலர் துண்டு விழுகிறது என்றார்கள். மேயர் ஒலிவியா சாவ் தலைமையில் சொத்துவரியை 9.5 சதவீதம் ஏற்றினார்கள். வீட்டில் ஒரே கொந்தளிப்பு. நான்தான் பெரிதாகக் குரல் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் தங்கமணிக்கும் பையனுக்கும் அரைமணி நேரப் பிரசங்கம்: வரியை வாங்குகிறார்கள், ரோட்டைப் பார், பஸ்ஸைப் பார், பனி வாரும் லட்சணத்தைப் பார்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் போனில் பேசும்போதும் இதையே சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கிடக்கட்டும் கண்ணு, நம்ம வீட்டுக் கந்தாயம் கட்டினியா? உங்கப்பா போனதுல இருந்து நீதானே பாக்கறேன்னே?" என்றார்.

கட்டவில்லை. ஒரு வருஷம் இல்லை, நாலு வருஷம்.

(கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கந்தாயம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கன்னடத்திலும் அதே சொல்தான். மைசூருத் தமிழர் வீடுகளில் 'சொத்துவரி' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.)

அந்த வருஷம் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது முதல் வேலையாக வரிசையில் நின்று கட்டினேன். தாமதமானால் மாதத்துக்கு இரண்டு சதவீதம் அபராதம், அதாவது வருஷத்துக்கு இருபத்து நாலு. கந்துவட்டி என்று திட்டலாம்தான், ஆனால் தப்பு என் பக்கம். ரசீதை வைக்க அப்பாவின் பச்சை ஃபைலைத் திறந்தேன். வீடு கட்டிய வருஷத்திலிருந்து ஒரு ரசீது விடாமல் துளை போட்டு, நூல் கோத்து வைத்திருக்கிறார். ரசீதுகளுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது. வருஷாவருஷம் மைசூரு மாநகராட்சி பட்ஜெட் பற்றிய கன்னடப் பத்திரிகைத் துணுக்குகள். ஓரத்தில் பென்சிலில் கூட்டல் கழித்தல். வேலைக்கு வந்த பிறகு கன்னடம் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்ட மனிதர் இதைப் போய் எதற்கு வெட்டி வைத்தார் என்று முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அங்கிருந்து பழைய மைசூரின் சரித்திரத்துக்குள் போய்விட்டேன். இந்தப் பதிவு அந்த விடுமுறையின் பலன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மைசூரின் வரவு செலவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று தோன்றுகிறது. தண்ணீர் மேலே ஏற வேண்டிய ஊர் அது.

நம்மவர்களுக்குக் கிருஷ்ணராஜசாகர் என்றால் 124.80 அடி என்பது மனப்பாடம். ஆடி மாதம் பிறந்தால் தஞ்சாவூர்க்காரர்கள் தினமும் அந்த எண்ணைத்தான் பேப்பரில் தேடுவார்கள். அணை மைசூரிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை. பக்கத்திலேயே கடல் மாதிரி தண்ணீரை வைத்துக்கொண்டு ஹெப்பாளில் ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது? சின்ன வயதில் எனக்கு இது பெரிய மர்மம். கணக்கு எளிது. அணை நிரம்பி நிற்கும்போது நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 752 மீட்டர். மைசூரு நகரம் சுமார் 770 மீட்டர். காவிரி கும்பகோணத்துக்குத் தானாக ஓடிவிடும். மைசூருக்குத் தூக்கிக் கொடுத்தால்தான் உண்டு.

இதை முதலில் அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் திவான் பூர்ணையா. திப்பு இறந்த பிறகு 1799 முதல் 1811 வரை மைசூரை நிர்வகித்தவர். காவிரியிலிருந்து ஒரு கால்வாய் வெட்டித் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று ஆழமாகத் தோண்ட ஆரம்பித்தார். தண்ணீர் வந்து சேரவில்லை. வெட்டிய பள்ளம் மட்டும் ஊருக்குள் பூர்ணையா நாலா என்ற பெயரில் வெகுகாலம் கிடந்தது. பிற்பாடு அதைத் தூர்த்து ரோடு போட்டார்கள். தசரா ஊர்வலம் போகும் சயாஜிராவ் ரோட்டில் நடந்திருப்பீர்கள். அதன் அடியில் கிடப்பது அந்தக் கால்வாய்தான்.

1862-ல் மைசூருக்கு நகராட்சிக் குழு என்று ஒன்று வந்தது. அப்போது ராஜ்யத்தை ஆங்கிலேயக் கமிஷனர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1864-ல் குக்கரஹள்ளி ஏரி. அது போதவில்லை. 1876-78 பஞ்சத்தில் ராஜ்யமே நொடிந்துபோய், இந்திய அரசாங்கத்திடம் 80 லட்சம் ரூபாய் கடனில் நின்றது. அந்த நிலையில்தான் 1881-ல் ஆட்சி மறுபடி மகாராஜா கைக்கு வந்தது. முதல் திவான் ரங்காசார்லு, நம்ம செங்கல்பட்டு ஜில்லாக்காரர். கடனும், வெள்ளைக்காரனுக்குக் கட்ட வேண்டிய கப்பமும் கழுத்தை நெரிக்கும்போது அவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த வருஷ தசராவை ஒட்டி, அக்டோபர் 7-ம் தேதி, 144 பிரதிநிதிகளை மைசூருக்கு வரவழைத்து உட்காரவைத்து ராஜ்யத்தின் வரவு செலவைப் படித்துக் காட்டினார். அந்தச் சபைக்கு மறுக்கும் அதிகாரம் கிடையாது, ஓட்டும் கிடையாது. ஆனாலும் கஜானாவில் எவ்வளவு இருக்கிறது, எங்கே போகிறது என்று குடிமக்கள் காதில் ஓதியது அன்றைய இந்தியாவில் சாதாரண விஷயமில்லை. அவர் பெயரில் கட்டிய டவுன்ஹால் இன்றும் மைசூரில் இருக்கிறது. நான் அங்கே பள்ளிக்கூட நாடகம் பார்க்கப் போயிருக்கிறேன், யார் இந்த ரங்காசார்லு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அவருக்குப் பிறகு வந்த திவான் சேஷாத்ரி ஐயரும் தமிழர், பாலக்காட்டுப் பக்கம். 1883 முதல் 1901 வரை. இவர் காலத்தில்தான் மைசூருக்குக் காவிரியைத் தூக்கும் வேலை நடந்தது. ஆற்றோரம் ஹொங்கள்ளியில் பம்பு, ஊரின் மேட்டில் யாதவகிரியில் நீர்த்தேக்கம், அங்கிருந்து குழாய். அப்போது இளவரசர் மைனர். ராஜ்யத்தை ரீஜெண்டாக நடத்திய மகாராணியின் பட்டப்பெயரில் அதற்கு வாணி விலாஸ் வாட்டர் ஒர்க்ஸ் என்று பெயர். இன்றைக்கும் மைசூரில் தண்ணீர் பில் அந்தப் பெயரில்தான் வரும். அம்மா சுருக்கமாக "வாணி விலாஸ்காரங்க வந்துட்டுப் போனாங்க" என்பார், ஏதோ ஓட்டல்காரர்கள் மாதிரி :-)

இந்த இடத்தில்தான் மைசூரின் பணக்கதை இரண்டாகப் பிரிகிறது. பம்பு வாங்கவும் குழாய் பதிக்கவும் பணம் கொடுத்தது அரசாங்கம். அதை ஒருநாள் கொடுத்தால் முடிந்தது. பம்பை ஓட்டுவது தினமும். உடைந்த குழாயை ஒட்டுவது தினமும். முதலாவது பெரிய பை. இரண்டாவது சின்னப் பை, அதில் காசு போடுகிறவர்கள் ஊரார். பெரிய பை திறக்கும்போதெல்லாம் சின்னப் பையின் செலவு கூடும். திறப்பு விழாவில் இதை யாரும் சொல்வதில்லை.

பெரிய பை எவ்வளவு பெரியது என்பதற்கு அரண்மனையைப் பாருங்கள். 1897-ல் இளவரசியின் கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோனது. ஹென்றி இர்வின் வரைந்த புது அரண்மனை 1912-ல் முடிந்தது. செலவு 41,47,913 ரூபாய். கடைசி மூன்று ரூபாய் வரை கணக்கு எழுதியவர் யாரோ, அப்பாவுக்குத் தோழராக இருந்திருப்பார்.

அரண்மனை எழும்பிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் ஊரில் பிளேக். 1898-ல் பம்பாயிலிருந்து பெங்களூரு வழியாக மைசூருக்கும் வந்துவிட்டது. 1891-ல் 74 ஆயிரமாக இருந்த நகர மக்கள்தொகை 1901 கணக்கெடுப்பில் 68 ஆயிரம். செத்தவர்கள் பாதி, ஊரை விட்டு ஓடியவர்கள் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். வரி கட்டும் ஆட்கள் குறைகிறார்கள், சாக்கடை, சுகாதாரம், தடுப்பு முகாம் என்று செலவு மட்டும் ஏறுகிறது. சின்னப் பையால் தாங்க முடியாது என்று தெரிந்துதான் 1903-ல் மைசூரு நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு உண்டாக்கினார்கள். பம்பாயில் 1898-ல் வந்த டிரஸ்டுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பழைய நகர அபிவிருத்தி அமைப்புகளில் ஒன்று. நெரிசலான தெருக்களை உடைத்து, வெளியே அகலமான வீதிகளோடு புதுப் பேட்டைகள் போட்டார்கள். சாமராஜபுரம், லக்ஷ்மிபுரம், வாணி விலாஸ் மொஹல்லா எல்லாம் அந்த மரபில் வந்தவை. மைசூரு போய்விட்டு வரும் நண்பர்கள் "என்ன அழகான ஊர்ப்பா, ரோடெல்லாம் எவ்வளவு அகலம்" என்று சொல்வார்களே, அந்தப் பாராட்டு டிரஸ்ட் போர்டுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் ரோடு போட்டு முடித்ததும் போர்டு அடுத்த பேட்டைக்குப் போய்விடும். போட்ட ரோட்டைப் பெருக்குவதும் விளக்கு எரிப்பதும் நகராட்சி. 1908-ல் சிவனசமுத்திரத்து மின்சாரம் மைசூருத் தெருக்களுக்கு வந்தது. எண்ணெய் விளக்கேற்றும் ஆள் போய், கரண்ட் பில் வந்தது. திவான் மிர்ஸா இஸ்மாயில் காலத்தில் (1926-41) ஊர் இன்னும் மெருகேறியது. வட்டங்கள், பூங்காக்கள், சிலைகள். அவர் காலையில் ஊரைச் சுற்றி வந்து எங்கே குப்பை, எங்கே உடைசல் என்று பார்ப்பார் என்பார்கள். பொறுப்பான திவான்தான், சந்தேகமில்லை. ஆனால் திவானே தெருவைச் சுற்றிப் பார்க்கும் ஊரில் நகராட்சிக்குக் கேட்டு வாங்கும் பழக்கம்தான் வளரும், சொந்தமாகக் கணக்குப் பார்க்கும் பழக்கம் வளராது என்பது என் எண்ணம். திவான் போனார், சமஸ்தானம் போனது, பழக்கம் போகவில்லை.

அப்படியானால் சின்னப் பைக்கு வருமானம் எது? வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை. இவற்றோடு ஆக்ட்ராய் என்னும் சுங்கம். ஊருக்குள் வரும் வண்டிச் சரக்குக்குச் சாவடியில் நிறுத்தி வசூல். பழைய மைசூரு ராஜ்யத்து ஊர்களில் 'சுங்கதகட்டெ' என்று இடப்பெயர் பார்த்திருப்பீர்கள், எல்லாம் அந்த வகைச் சாவடிகளின் மிச்சம். வண்டிக்காரர்களுக்கு நரகம், லஞ்சத்துக்கு வாசல், இதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு குணம் இருந்தது. விலைவாசி ஏறினால் சுங்கமும் கூடவே ஏறும். வீட்டு வரி அப்படி இல்லை. யாராவது மெனக்கெட்டு உயர்த்தினால்தான் உயரும், உயர்த்தியவர் அடுத்த தேர்தலில் தோற்பார்.

1977-ல் மைசூரு மாநகராட்சியானது. இரண்டே வருஷத்தில், 1979-ல், கர்நாடக அரசு ஆக்ட்ராயை ஒழித்தது. அதற்குப் பதில் மாநிலம் நுழைவு வரி வசூலித்து ஈடு கொடுக்கும் என்றார்கள். ஒழித்தது சரியா தப்பா என்றால், சரி என்றுதான் சொல்வேன். லாரிகள் மணிக்கணக்காக நின்றதை நினைத்தால் வேறு என்ன சொல்ல? ஆனால் சொந்தக் கல்லாவில் விழுந்த காசு அதோடு பெங்களூரிலிருந்து வரும் மானியமாக மாறிவிட்டது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த நுழைவு வரியும் போனது. உள்ளாட்சிகள் வாங்கிக்கொண்டிருந்த விளம்பர வரியும் சேர்ந்து போனது. மிஞ்சியது கந்தாயமும் தண்ணீர் பில்லும். அப்பாவின் ஃபைலில் இருந்த ரசீதுகள் ஏன் திடீர் திடீரென்று எகிறின என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏற்ற வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது, அண்மை வருஷங்களில் அதை ஆண்டுதோறும் சின்னச் சின்ன உயர்வாக மாற்றினார்கள்.

சின்னச் சின்னதாக ஏற்றுவது எவ்வளவு மேல் என்பதைச் சென்னைக்காரர்களிடம் கேளுங்கள். சென்னையில் 1998-ல் சொத்துவரியை மாற்றியமைத்ததோடு சரி, அடுத்த மாற்றம் 2022-ல்தான் நின்றது. இருபத்து நாலு வருஷம் யாரும் கெட்ட பெயர் எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. கடைசியில் வீட்டின் அளவைப் பொறுத்து 150 சதவீதம் வரை ஒரே அடியாக ஏறியது. (சென்னைக்கு இது பழைய நோய். பதினெட்டாம் நூற்றாண்டில் கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டிவிட்டு அதற்காக ஒரு வரி போட நினைத்தார்கள். வரி வசூலாகவே இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து வால்டாக்ஸ் ரோட்டில் பெயர் மட்டும் நிற்கிறது.)

மறுபடி ஹெப்பாளுக்கு வருகிறேன். டிரஸ்ட் போர்டு 1988-ல் முடா என்று ஆனது. பிறகு 2025-ல் அதை மைசூரு வளர்ச்சி ஆணையமாக்கச் சட்டம் போட்டார்கள். தொழிற்பேட்டை போடுவது தனி வாரியம், அது மாநில அரசின் கீழ். ஆக ஹெப்பாளில் வீட்டு மனை போட்டது ஒருவர், தொழிற்பேட்டை போட்டது இன்னொருவர், தெருவிளக்கு மாற்ற வேண்டியது மூன்றாமவர். புதிய பேட்டை ஒன்று முடிந்தால் "எடுத்துக்கொள்" என்பார்கள். மாநகராட்சி "சாக்கடையை முடித்துக் கொடு, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லும். கல்யாணமான பெண்ணின் பாத்திரம் பண்டம் இன்னும் வந்து சேரவில்லை என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது மாதிரி. நடுவில் குடிவந்தவர்கள் டேங்கர் லாரிக்காகக் காத்திருப்பார்கள். எல்லையோரத்தில் கொஞ்சம் தள்ளியிருந்த பகுதிகள் பஞ்சாயத்தில் இருந்தன. 2020-ல் ஹூட்டகள்ளி நகரசபை என்று தனியாக ஆனது. ஒரே சாலையில் நடந்து போனாலே நிர்வாகம் மாறிவிடும். எங்கள் ஏரியைப் பாருங்கள், வருஷக்கணக்காகச் சாக்கடைக் குட்டையாகக் கிடந்ததைச் சுத்தம் செய்தது இன்ஃபோசிஸ் அறக்கட்டளை. நல்ல காரியம், நன்றி. எனக்கு அதுவும் ஒருவகையில் மகாராஜா காலத்துத் தொடர்ச்சியாகத்தான் தெரிகிறது. பெரிய பை வேறு கைக்குப் போயிருக்கிறது.

2005-ல் மத்திய அரசு ஜவாஹர்லால் நேரு பெயரில் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம் கொண்டுவந்தபோது மைசூரும் பட்டியலில் இருந்தது. பெருமளவு பணம் டெல்லியிலிருந்து, மிச்சம் மாநிலமும் மாநகராட்சியும். கூடவே நிபந்தனைகள்: கணக்கை இரட்டைப் பதிவு முறையில் எழுது, தண்ணீர் வழங்கும் செலவைத் தண்ணீர்க் கட்டணத்திலிருந்தே எடு. இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் என்று 2008-ல் ஒரு தனியார் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். எதிர்ப்பும் எழுந்தது. நினைத்தபடி முடியவில்லை. ஊர் முழுக்க இருபத்து நாலு மணி நேரத் தண்ணீர் வந்துவிடவில்லை என்பதை அம்மா வீட்டு சம்ப்பு தொட்டியே சொல்லும்.

இரட்டைப் பதிவு கணக்கு மட்டும் அப்பாவுக்குக் கொண்டாட்டம். துணுக்குகளில் அவர் பென்சில் குறிப்பு அதிகமாவது அந்த வருஷங்களில்தான். அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு விஷயம் அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. நகராட்சி பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று கட்டங்கள் உண்டு. வரும் வருஷத்துக்கான மதிப்பீடு ஒன்று, நடப்பு வருஷத்தின் திருத்திய மதிப்பீடு ஒன்று, போன வருஷம் உண்மையில் நடந்தது ஒன்று. நிதி நிலைக்குழுத் தலைவர் எழுந்து படிப்பது முதல் கட்டம். பேப்பரில் 'உபரி பட்ஜெட்' என்று கொட்டை எழுத்தில் வருவதும் அதுதான். "அதைப் பாக்காதே, மூணாவதைப் பாரு" என்பார் அப்பா.

பாருங்கள், வித்தை எப்படி என்று. செலவில் குறைக்கவே முடியாதவை இருக்கின்றன. சம்பளம், ஓய்வூதியம், பம்பு ஓடும் மின்சாரம், குப்பை வண்டி டீசல். மின் கட்டணம் ஏறினால் பம்பை நிறுத்த முடியுமா? துப்புரவுத் தொழிலாளிகளை ஒப்பந்தக்காரரிடமிருந்து விடுவித்து நேரடிச் சம்பளம், நிரந்தர வேலை என்று கொடுத்தார்கள். எப்போதோ செய்திருக்க வேண்டியது. 2015-லும் 2016-லும் இந்தியாவின் சுத்தமான நகரம் என்று மைசூருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது அவர்கள் முதுகுதான். ஆனால் அதுவும் செலவு. இப்படிச் செலவுப் பக்கம் இறுகிவிட்டால் பட்ஜெட்டைச் சமன் செய்ய ஒரே வழி, வரவை ஊதிப் பெருக்குவது. போன வருஷ மிச்சத்தை 'ஆரம்ப இருப்பு' என்று வரவோடு சேர்த்துக் காட்டு. பாக்கி வரி முழுக்க இந்த வருஷம் வசூலாகிவிடும் என்று எழுது. மாநிலம் தருவதாகச் சொன்னதெல்லாம் வந்துவிட்டதாக வைத்துக்கொள். மூன்றாவது கட்டத்தில் பார்த்தால் பாக்கி பாக்கியாகவே இருக்கும். வெட்டு விழுவது எதில்? யாரும் கவனிக்காத பராமரிப்பில். குழாய்க் கசிவு, சாக்கடை தூர், பம்பு ரிப்பேர். அடுத்த வருஷம் அதுவே இரட்டைச் செலவாக வந்து நிற்கும். தண்ணீரைத் தூக்கி மேலே கொண்டுபோய், அங்கே கசியவிட்டால், கரண்டையும் சேர்த்துத்தானே கசியவிடுகிறோம்?

வரவுப் பக்கத்து அந்தப் 'பாக்கி' என்ற தலைப்பில் என் பெயரும் நாலு வருஷம் இருந்திருக்கிறது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, வீட்டைப் பூட்டிப்போட்ட என் மாதிரி ஆட்கள் இன்னும் எத்தனை பேரோ.

டொராண்டோவுக்கும் இதற்கும் தூரம் அதிகம், சட்டம் வேறு, தொகை வேறு. ஆனால் ஸ்கார்பரோவில் இருக்கிறவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1985 முதல் ஓடிய நம்ம ஸ்கார்பரோ ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டு, அதோடு நிரந்தரமாக மூடிவிட்டார்கள். வயதான ரயில் என்பது எல்லோருக்கும் தெரியும், மாற்றுவது எப்படி என்று வருஷக்கணக்காகத் திட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில் சொத்துவரியை விலைவாசிக்கு மேல் ஏற்றமாட்டோம் என்று வாக்குக் கேட்டவர்களுக்குத்தான் நாம் ஓட்டும் போட்டோம். இங்கே ஒரு நகராட்சி அன்றாடச் செலவில் துண்டு விழும் பட்ஜெட் போடக்கூடாது என்பது மாகாணச் சட்டம். கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆக ஒருநாள் 9.5 என்று வந்து நின்றது, அடுத்த வருஷம் 6.9. பையனிடம் செய்த பிரசங்கத்தை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை, தங்கமணி அவ்வப்போது நினைவூட்டுகிறார்.

ரங்காசார்லு 144 பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கணக்குப் படித்தார் என்று சொன்னேன். மைசூரு மாமன்றத்துக்கு 65 வார்டு. அதன் பதவிக்காலம் 2023 நவம்பரில் முடிந்தது. தேர்தல் நடக்காமல், அடுத்து வந்த பட்ஜெட்டை நிர்வாக அதிகாரியே போட வேண்டியதாயிற்று. எழுந்து நின்று "என் வார்டுக்கு ஏன் இவ்வளவுதான்?" என்று சண்டை போட ஆள் இல்லை. மாமன்றக் கூட்டங்களில் சத்தம் அதிகம், மைக்கைப் பிடுங்குவார்கள் என்பதெல்லாம் தெரியும். இருந்தாலும் அந்தச் சத்தம் இல்லாத பட்ஜெட்டை அப்பா எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மூன்றாவது கட்டத்துக்குப் போயிருப்பார்.

ஏப்ரல் மாதத்துக்குள் முழுக் கந்தாயத்தையும் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி. வருஷ ஆரம்பத்திலேயே கையில் காசு இருந்தால் மாநகராட்சிக்குச் சம்பளம் கொடுக்கச் சௌகரியம், அதற்காகத்தான். இப்போது மார்ச் கடைசி வாரத்திலிருந்தே அம்மா போனில் ஆரம்பித்துவிடுகிறார். போன தடவை பணம் கட்டிவிட்டு, "ரசீதை அனுப்பியிருக்கேன்மா, யார்கிட்டயாவது பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போடுங்க" என்றேன்.

"போட்டுடறேன். தள்ளுபடி கிடைச்சுதா?"

"கிடைச்சுது. தண்ணி வந்துச்சா?"

"நாலே முக்காலுக்கு வந்துச்சு கண்ணு. சம்ப்பு ரொம்பிடுச்சு. மேல ஏத்தணும், மோட்டார் போட்டிருக்கேன். வை, அப்புறம் பேசறேன், கரண்ட் போயிடும்."